கராஜ் டோர்: புது பேட்டரி போட்டும் கரண்ட் போனா ஓடல

ஹூஸ்டன்ல 2024 ஜூலை பெரில் புயல்ல கரண்ட் போனதும் கராஜ் டோர் அசையவே இல்ல (கரண்ட் இல்லாதப்போ ஓட்டத்தான் மோட்டார்ல ஒரு பேட்டரி இருக்கு), மோட்டார்லேர்ந்து டோர விடுவிக்கிற செவப்பு கயித்த இழுத்து விட்டுட்டு கையாலதான் தூக்குனோம், கரண்ட் வந்தப்புறமும் அரை நிமிஷத்துக்கு ஒரு பீப், பேட்டரி லைட் செவப்பு. ப்ளக்க புடுங்கி மாட்டியும் நிக்கல. 12 வோல்ட் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணு புதுசா வாங்கி மாட்டி ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏத்துனேன், லைட் பச்சையாச்சு. ஆனா ப்ளக்க புடுங்கி பட்டன அமுக்குனா ஒரு அடி ஏறி நின்னுடுது!

மல்டிமீட்டர் வச்சா 12.9 வோல்ட், பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பார்க்க வந்தவர் சார்ஜிங் போர்டு போச்சு, மொத்த மோட்டாரையும் மாத்துங்கன்னார்.

அப்புறம் கவர கழட்டி வயர தொட்டா கனெக்டர் லொடலொடன்னு ஆடுது. விஷயம் இதான்: பழைய பேட்டரியோட முனை 6.35 மில்லிமீட்டர் அகலம் (எஃப்2), புதுசுல 4.75 தான் (எஃப்1), பேட்டரி மேல ஒட்டுன லேபிள்ல இது எங்கயுமே இல்ல. சார்ஜுக்கு கரண்ட் கொஞ்சம் போதும், அது அந்த லூஸ்லயே போயிடும், மோட்டார் இழுக்குறப்போ நிறைய வேணும், அங்கதான் விட்டுடுது. குறடு வச்சு நசுக்காதீங்க, மோட்டார் அதிர்வுல திரும்ப கழண்டுக்கும். எஃப்1-ல மாட்டி எஃப்2 ஆக்குற சின்ன அடாப்டர் ரெண்டு போட்டேன், இறுக்கமா உக்காந்துச்சு.

ப்ளக் இல்லாமலே இப்ப டோர் முழுசா ஏறி எறங்குது. பேட்டரில ஓடுறப்போ ரெண்டு செகண்டுக்கு ஒரு பீப் வரும், அது சாதாரணம். அப்பாடா!