மிளகுக்கொடியில் ஒரு வேதபாடம்

மே லீவுக்கு ஏற்காடு வரும் பேரப்பிள்ளைகளுக்கு “நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்” என்று இயேசு சொல்லும் யோவான் 15-ஆம் அதிகாரத்தைச் சொல்லித்தர திராட்சைத் தோட்டம் தேட வேண்டாம். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி போதும். காய்க்கும் பக்கக்கிளையைத் தொடாதீர்கள். அடியில் தரையோடு ஓடும் கொடியிலிருந்து நாலு இலையோடு ஒரு துண்டை வெட்டி, வெயில் படும் கல்லில் பிள்ளையே வைக்கட்டும். ஈரமண்ணில் போட்டால் கணுவில் வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும், பாடம் கெட்டுவிடும். மறுநாள் துவண்ட இலையையும் கொடியிலேயே இருக்கும் இலையையும் மாறி மாறித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். செடியில் நிலைத்திருக்கும் கொடிதான் கனி தரும் என்று சொல்லும் 4, 5-ஆம் வசனங்கள் போதும். கிளையை எரிப்பதைச் சொல்லும் 6-ஆம் வசனம் சின்னப் பிள்ளைகளுக்குப் பயத்தைத்தான் தரும். “சேட்டை பண்ணினா இயேசப்பா வெட்டிப் போட்டுடுவார்” என்று தயவுசெய்து மிரட்டாதீர்கள். “ஏன் பாட்டி இப்படி வாடிப்போச்சு?” என்று பிள்ளை கேட்ட பிறகே வேதத்தைத் திறங்கள்.