ஆவணி, புரட்டாசியில் ஏரிக்கரைப் பறவைகள்: முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையில் பறவை பார்க்க மார்கழியும் தையும்தான் தோதான மாதங்கள் என்பார்கள். வாத்துகளுக்கு அது சரி. சேற்றில் இரை கொத்தும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களைப் பழகிக்கொள்ள விரும்புகிறவர் ஆவணி மாதமே கிளம்பிவிட வேண்டும். ஏரி வற்றிச் சேறு வெளியே தெரிகிற காலம் அது. வடகிழக்குப் பருவமழை இறங்கி நீர் ஏறிவிட்டால், குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. வேறு சேறு தேடிப் போய்விடும்.

1. இடம்: உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலமோ, அதற்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கம் ஏரியோ போதும். நிறைந்த நீர்ப்பரப்பைத் தேடாதீர்கள். நீரும் சேறும் சந்திக்கிற விளிம்பைத் தேடுங்கள்.

2. கருவி: 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை). பத்து மடங்கு பெருக்கம் புதியவரின் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும். கேமராவை முதல் மாதம் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். படம் எடுக்கிற அவசரத்தில் பறவையைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் அதிகம்.

3. வெயில்: விடிந்ததும் கிழக்குக் கரையில் நில்லுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழல்தான்.

4. முதலில் சிட்டுக்குருவி: சேற்றுக்குப் போகுமுன் கரையிலுள்ள முட்புதரில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். ஆணின் தொண்டைக் கறுப்பு இப்போது மங்கலாக இருக்கலாம். புதிதாக முளைத்த இறகுகளின் வெளிர் நுனி அதை மறைத்திருக்கும்; நுனி தேயத் தேயக் கறுப்பு வெளிப்படும். பக்கத்தில் சில்லைகள் (முனியா எனப்படும் சிறு தானியப் பறவைகள்) கலந்திருந்தால் அலகைப் பாருங்கள், குருவியுடையதைவிடத் தடித்த கூம்பாக இருக்கும். குருவியின் உருவளவை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் அதுதான் அளவுகோல்.

5. உள்ளான்கள்: இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். எல்லாம் பழுப்பு, பாதி இறகு மாறிய நிலை வேறு. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு நடையையும் காலையும் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒருமுறை கொத்தினால் அது உப்புக்கொத்தி என்ற வேறு வகைக் கரைப்பறவை. அதன் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே கரையோரம் நடப்பது சாதாரண உள்ளான். தோளருகே வயிற்றின் வெள்ளை மேலேறியிருக்கும். கண்ணுக்கு மேல் நீண்ட வெண்புருவமும் முதுகெல்லாம் வெள்ளைப் பொறிகளும் இருந்தால் பொறி உள்ளான்.

ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவில், கறுப்புக் காலுடன், தையல் இயந்திர ஊசி போலக் கொத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். ஆர்க்டிக் துந்திரப் பகுதியில் பொரித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. முதலில் வளர்ந்த பறவைகள் வரும், தேய்ந்து கந்தலான இறகோடு. அந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால், பெற்றோரின் துணையில்லாமலே வரும். ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் கரை கட்டி, முதுகில் இரு வெள்ளைக் கோடுகள் கூம்பாகச் சேர்ந்திருந்தால் அது குஞ்சு.

6. ஆள்காட்டி கத்தினால்: ஆளைக் கண்டதும் கத்தி எச்சரிக்கிற பறவை அது. அப்படியே குந்திவிடுங்கள். இன்னும் இரண்டடி வைத்தால் கரையில் மேய்கிற மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஆள்காட்டி அடங்கியபிறகு நகரலாம்.

7. குறிப்பு: எண்ணிக்கை, நேரம், நீர்மட்டம் மூன்றையும் அங்கேயே எழுதி, பிறகு பறவைக் கணக்கைப் பதிகிற இ-பேர்ட் (eBird) செயலியில் ஏற்றுங்கள். இனம் உறுதிப்படவில்லையா? ‘உள்ளான் வகை’ என்று போட்டாலே போதும், ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம்.