வலிக்குதுன்னு சொல்ற பேஷண்ட்ட எப்படி பாக்கணும்: வார்டுக்கு புதுசா வந்த ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு

சர்ஜிக்கல் வார்டுக்கு புதுசா வந்திருக்க தங்கச்சிங்க தம்பிங்களுக்காக எழுதுறேன். நைட் ட்யூட்டில நாப்பது பேர தனியா வெச்சுக்கிட்டு நிக்கும்போது படிச்சதெல்லாம் மறந்து போகும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

முதல் விஷயம், பேஷண்ட் எவ்வளவு வலிக்குதுன்னு சொல்றாரோ அவ்வளவுதான் வலி. மார்கோ மெக்காஃப்ரிங்கற அமெரிக்க நர்ஸ் 1968லயே இத சொல்லிட்டாங்க, நாம இன்னமும் "போன்ல சிரிச்சு பேசுறார், இவருக்கு என்ன பெரிய வலி"ன்னு நாமளே முடிவு பண்றோம். பிபி, பல்ஸ் நார்மலா இருக்குன்னு வலி இல்லன்னு எழுதிடாதீங்க, நாள்கணக்கா இருக்கற வலில அதெல்லாம் நார்மலாவே இருக்கும். வலியோட அசந்து தூங்குறவங்களும் உண்டு.

"வலிக்குதா"ன்னு மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க. வயித்து ஆபரேஷன் முடிஞ்ச ஒரு தாத்தாகிட்ட நான் அப்படித்தான் கேட்டேன், "பரவால்லம்மா, நீ போயி மத்தவங்கள பாரு"ன்னார், நானும் வலி இல்லன்னு சார்ட்ல எழுதிட்டேன். காலைல டிரெஸ்ஸிங்குக்கு போனா கட்டில் கம்பிய புடிச்சிருந்த விரலெல்லாம் வெளுத்து கெடக்கு, ராத்திரி பூரா ஒரு தடவ கூட இருமல, மூச்ச மேலாப்புல இழுத்துக்கிட்டே இருந்திருக்கார், மூணாம் நாள் நெஞ்சுல சளி கட்டி காய்ச்சல் வந்துடுச்சு. இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல. அதனால படுத்திருக்கும்போது ஒரு தடவ கேளுங்க, இருமச் சொல்லியோ திரும்பிப் படுக்கச் சொல்லியோ இன்னொரு தடவ கேளுங்க.

பத்துக்கு எத்தனைன்னு கேட்டா வயசானவங்க பல பேருக்கு புரியாது. "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னா இப்ப எத்தன பைசா இருக்கு?"ன்னு கேட்டு பாருங்க, "முக்கா ரூபா இருக்கும்மா"ன்னு டக்குனு வரும். பேசத் தெரியாத கொழந்தைன்னா முகம், கால், உடம்பு அசைவு, அழுகை, தூக்கினா சமாதானம் ஆகுதா, இந்த அஞ்சையும் பாத்து மார்க் போடுங்க.

அவங்க சொல்ற வார்த்தையையும் விடாதீங்க. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, இழுத்து புடிக்குதுன்னா ஒரு மாதிரி, எரியுது, ஷாக் அடிக்குது, எறும்பு ஊருதுன்னா அது நரம்பு வலியா இருக்க நெறைய வாய்ப்பு, அதுக்கு சாதா வலி மாத்திரை அவ்வளவா கேக்காது, காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்து தேவைப்படலாம். "பெயின் இருக்கு சார்"னு மொட்டையா சொல்லாம அந்த வார்த்தைய அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஆர்டர்ல எஸ்ஓஎஸ்னு, அதாவது தேவைப்பட்டா மட்டும் குடுன்னு இருந்து பேஷண்ட் திரும்ப திரும்ப கேட்டுட்டே இருந்தா, நேரப்படி மாத்தி எழுத முடியுமான்னு டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க. கேன்சர் வலிக்கு நேரம் பாத்து குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 1986லயே சொன்னது. சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்யறது சுமாரா நாலு மணி நேரம், அவர் கத்தற வரைக்கும் காத்திருந்தா அப்புறம் அடக்கறது கஷ்டம். பாராசிட்டமால் போடும்போது ட்ரமடால், அசிக்லோஃபினாக் மாதிரி வேற வலி மருந்துங்களோட சேந்து வர்ற மாத்திரைல இருக்கறதையும் கூட்டிக்கோங்க, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம் தாண்டக் கூடாது, லிவர் பிரச்சனை இருந்தா, ரொம்ப மெலிஞ்சவங்களா இருந்தா இன்னும் கம்மி.

மார்ஃபின்னாலே நம்ம ஆளுங்களுக்கு பயம், அடிமை ஆயிடுவாங்கன்னு. டோஸ் கூட தேவைப்படறதும், திடீர்னு நிறுத்தினா உடம்பு நடுங்கறதும் மருந்துக்கு உடம்பு பழகினதால, போதைக்கு அடிமையாறது வேற. பயப்பட வேண்டியது மூச்சு கொறஞ்சு போறதுக்கு, அதுவும் பெரும்பாலும் சொல்லாம கொள்ளாம வராது, அதுக்கு முன்னாடி மயக்கமான தூக்கம் வரும். முழுசா ஒரு நிமிஷம் மூச்ச எண்ணுங்க. எட்டுக்கு கீழ போனாலோ, கூப்ட்டா கண்ண தொறக்கலன்னாலோ மருந்த நிறுத்தி, ஆக்சிஜன் வெச்சு, டாக்டர கூப்பிட்டு, மார்ஃபினுக்கு மாத்து மருந்தான நாலக்ஸோன ரெடியா எடுத்து வைங்க. வயசானவங்க, கிட்னி கெட்டவங்க, தூக்க மாத்திரை சாப்பிடறவங்ககிட்ட கூடுதல் கவனம். மலச்சிக்கல் கண்டிப்பா வரும், மொத நாளே அதுக்கும் மருந்து எழுதச் சொல்லுங்க.

இன்னொன்னு, "சும்மா டிஸ்டில்ட் வாட்டர் போடு, சரியாயிடும்"னு, வலி மருந்துன்னு சொல்லி வெறும் தண்ணி ஊசி போட யாராவது சொன்னா செய்யாதீங்க. அதுல வலி கொறஞ்சாலும் அவர் பொய் சொன்னார்னு ஆகாது, ஏமாத்தினது தெரிஞ்சா அப்புறம் நம்மள நம்பவே மாட்டார்.

மருந்து குடுத்ததோட வேலை முடியல. ரத்த நரம்புல ஊசி (ஐவி) போட்டா 15லேருந்து 30 நிமிஷத்துல, மாத்திரைன்னா ஒரு மணி நேரத்துல திரும்ப போயி கேட்டு நம்பர எழுதுங்க. ட்யூட்டி முடிஞ்சு அடுத்த நர்ஸ்கிட்ட ஓவர் குடுக்கும்போது "பெட் நம்பர் 12, ஆறு மணிக்கு ட்ரமடால் போச்சு, இருமும்போது எட்டு இருந்தது இப்ப மூணு, அடுத்தது பன்னெண்டு மணிக்கு"ன்னு சொல்லிட்டு கெளம்புங்க.