பழைய ஏசியை மாற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

சித்திரை மாதத்தில் ஒரு நாள், இரவு பத்து மணிக்கு மேல், மேஜையில் ஏறி நின்று படுக்கையறைச் சீலிங்கை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் மாடி வீட்டில் தொட்டால் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி போலச் சுடும். வெயில் இறங்கி நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். காங்கிரீட் மட்டும் பகல் முழுக்க வாங்கிய சூட்டை அப்போதுதான் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி வாங்கக் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். நான் பார்த்தது வாங்கிய பிறகு.

பதினோரு வருடம் உழைத்த ஒன்றரை டன் ஏசி நின்றுபோனது. கடையில், "மாடி வீடா? ஒன்றரை பத்தாதுங்க, ரெண்டா போட்டுக்குங்க" என்றார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இரண்டு டன் வாங்கி மாட்டினோம். பத்தே நிமிடத்தில் காற்று ஜில்லென்று ஆகிவிடும், மிஷின் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி புழுங்கும், மறுபடி ஓடும். விடிந்தால் போர்வை நமுத்துக் கிடக்கும். தேவைக்கு மேல் பெரிய ஏசி காற்றின் சூட்டைச் சட்டென்று எடுத்துவிடுகிறது, ஈரத்தை எடுக்கும் அளவுக்குத் தொடர்ந்து ஓடுவதில்லை. இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், அதற்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு.

டன் என்பது மிஷினின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்த அளவு. கணக்கில் மணிக்கு 12,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு), ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். அதனால் "இந்த அறை எவ்வளவு பெரிசு" என்ற கேள்வி பாதிதான். அந்த அறைக்குள் எவ்வளவு சூடு வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் மீதிப் பாதி. மேலே இன்னொரு மாடி இருக்கிறதா, மேற்குச் சுவரில் வெயில் அடிக்கிறதா, ஜன்னல் கண்ணாடிக்குத் திரை உண்டா, இரவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்காமல் டன் சொல்பவர் ஊகத்தில் சொல்கிறார். பழைய ஏசியின் டன்னையே திரும்ப வாங்குவதும் அதே ஊகம்தான். அன்று மாடி கட்டாமல் இருந்திருப்பீர்கள், இன்று கட்டியிருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்குக் கடைசியில் வந்த மெக்கானிக் அண்ணன் ஏசியைத் திறக்கவே இல்லை, நேராக மொட்டை மாடிக்குப் போனார். பழைய தட்டு ஓடுகள் பெயர்ந்து, கறுத்த தளம் வெயிலைக் குடித்துக்கொண்டு கிடந்தது. "முதல்ல இதுக்கு வெள்ளை அடிங்க சார், அப்புறம் ஏசியப் பேசலாம்" என்றார். வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசினோம். அந்த மே மாதம் இரவு பத்து மணிக்குச் சீலிங்கைத் தொட்டபோது கை சுடவில்லை. நாலா பக்கமும் மலை சூழ்ந்த சேலத்தில் ஏசிக்குப் போடும் பணத்தில் ஒரு பங்கை முதலில் மாடிக்குப் போட வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஸ்டார் விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஆண்டைப் பார்க்காததால். மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ தரும் லேபிளில் நட்சத்திரத்தோடு அது எந்தக் காலத்துக்குச் செல்லும் என்பதும் அச்சாகியிருக்கும். 2018 அளவுகோலில் ஐந்து ஸ்டார் வாங்க ஐஎஸ்இஇஆர் எண் (ஒரு யூனிட் கரண்ட்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்ற கணக்கு) 4.5 இருந்தால் போதும். 2022 ஜூலையில் அது 5 ஆனது, 2026 ஜனவரியில் இன்னும் உயர்ந்தது. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தரும்போது ஸ்டாரை எண்ணாதீர்கள், அந்த எண்ணைப் படியுங்கள். லேபிளில் இருக்கும் வருட யூனிட் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. பங்குனியிலிருந்து ஐப்பசி வரை தினம் எட்டு மணி நேரம் ஓட்டும் வீட்டுக்கு அது கூடத்தான் வரும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வருவதால், 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இனி மாட்டும் ஆள். நல்ல மிஷினை மோசமாக மாட்டினால் அது மோசமான மிஷின்தான். பெரும்பாலும் கடை ஒன்று, மாட்ட வருபவர் வேறு. அவருக்கு ஒரு ஏசிக்கு இவ்வளவு என்று கூலி. சீசனில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஓட வேண்டும். அவசரம் அங்கே தொடங்குகிறது. எங்கள் வீட்டில் மாட்டியவர் பைப்பைச் சொருகி, நட்டை முறுக்கி, வால்வைக் கொஞ்சம் திறந்து 'உஸ்' என்று கேஸை வெளியே விட்டார். "காத்து எடுக்கிறேன்" என்றார். மொத்தமே நாற்பது நிமிடம். நான்காவது மாதம் குளிர் நின்றது. மெக்கானிக் அண்ணன் பைப் இணைப்பின் டேப்பைப் பிரித்தார். பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு நுரையைத் தடவினார். நுரையின் நடுவே கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பெருத்து, உடைந்து, மறுபடி பெருத்தது. நாலு மாதமாக எங்கள் காசு அந்த ஓட்டை வழியாகப் போயிருக்கிறது. பைப் முனையை விரிக்கும்போது பிசிறை வழிக்காமல் விட்டதுதான் காரணம்.

காற்றை எடுக்க வேக்யூம் பம்ப் வேண்டும். கேஸை விட்டுக் காற்றைத் தள்ளுவது தப்பு. பைப்புக்குள் தங்கும் காற்று அழுத்தத்தை ஏற்றிக் கரண்ட்டைத் தின்னும், ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். பம்ப்பைக் குறைந்தது இருபது நிமிடமாவது ஓட்டி, நிறுத்தி, கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே "வேக்யூம் பம்ப் கொண்டு வருவீங்களா?" என்று கேளுங்கள். தயங்குபவருக்கு வேலை கொடுக்காதீர்கள். பம்ப் ஓடும் நேரத்தில் டீ போட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள். அவசரப்படுத்தும் வீட்டுக்காரர்களாலும் இந்த வேலை கெடுகிறது.

பழைய பைப்பையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்22 கேஸ், இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர்32. புதியதின் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு. சுவருக்குள் புதைந்த பைப்பானால் வேதனைதான், இருந்தாலும் மாற்றுவதே நல்லது. ஆர்32 தீப்பற்றக்கூடியது, சில ஏசிகளில் வரும் ஆர்290 கேஸோ எளிதில் தீப்பற்றும் புரொப்பேனே. கேஸ் இருக்கும் பைப்பை நெருப்பு வைத்து ஒட்ட விடாதீர்கள். இன்னொன்று: கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல, மூடிய பைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருந்தால் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்பதில் நிறைய வீடுகள் தப்பு செய்கின்றன. கிரில் போட்டு மூடிய பால்கனியில் வைத்தால் அது தள்ளும் சூடான காற்றையே திரும்ப இழுக்கும். செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்கு அடுத்த வீடென்றால் அமிலப் புகை வரும் திசையில் வைக்காதீர்கள், காப்பரை அரித்துவிடும். எல்லாவற்றையும் விட, சர்வீஸ் செய்ய வருபவர் நின்று வேலை பார்க்க இடம் இருக்க வேண்டும். மூன்றாவது மாடிச் சுவரில், பிடிமானம் இல்லாத இடத்தில் ஸ்டாண்டு அடித்துவிட்டு வருஷா வருஷம் ஒரு பையனைக் கயிறு கூட இல்லாமல் இறக்குகிறோம். அந்தப் பையனுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறார்.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), நல்ல எர்த். ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் இழுப்பது நிம்மதி. இரவு எட்டு மணிக்கு வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிட்டு ஸ்டெபிலைசரை முடிவு செய்யுங்கள்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கதையே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனபின் சேலத்து ஏசி அறிவு உதவாது. அங்கே மார்கழிக் குளிரும் மழைக்காலத்து நமுப்பும்தான் தொந்தரவு. குளிர மட்டும் வைக்கும் ஏசியை அங்கே மாட்டிவிட்டு, குளிருக்குத் தனியாகக் காயில் ஹீட்டர் வாங்குபவர்களைப் பார்க்கிறேன். காயில் ஹீட்டர் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வருவதால் அந்தக் குளிரில் மூன்று யூனிட் அளவுக்குத் தரும். வாங்கும்போதே கம்பெனி சர்வீஸ் ஆள் மலை ஏறி வருவாரா, அதற்குத் தனிக் காசா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயவுசெய்து, பழைய எஸ்டேட் வீடுகளில் ஜன்னலை அடைத்துவிட்டுக் கரி அடுப்பு மூட்டிப் படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

வாரண்டி பற்றி ஒன்று. "பத்து வருஷம்" என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் பலகையான பிசிபி போர்டுக்கு எத்தனை வருடம், கேஸ் கசிந்தால் யார் செலவு, விலையில் எத்தனை மீட்டர் பைப் அடக்கம், அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு என்பதைப் பில் போடும் முன் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் மாட்டியவரிடமே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, அவர் போன் நம்பர், பைப் நீளம், கூடுதலாகக் கேஸ் போட்டிருந்தால் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் வேக்யூம் ஓடியது, ஓடும்போது எத்தனை ஆம்பியர். எங்கள் வீட்டில் அந்தத் தாள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. போன மாதம் சர்வீசுக்கு வந்த பையன் முதலில் அதைப் படித்தான், பிறகு வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். அதே ஆம்பியர். "கேஸ் எல்லாம் சரியா இருக்குண்ணா, தொட வேண்டாம்" என்று ஃபில்டரை மட்டும் கழுவி மாட்டிவிட்டுப் போனான்.