பழைய புல்வெட்டி டிராக்டரின் டெக்: கழற்றுவதிலும் பூட்டுவதிலும் நேரும் சேதங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய புல்வெளி உள்ள வீடுகளின் கராஜ்களில், பல ஆண்டுகள் உழைத்த புல்வெட்டி டிராக்டர் ஒன்று நிற்பது வழக்கம். எஞ்சின் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் தொங்கும் டெக், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு, தளர்ந்துவிடுகிறது. 42 அங்குல டெக் ஒன்றில் பொதுவாக இரண்டு பிளேடுகளும், அவற்றைச் சுழற்றும் இரண்டு ஸ்பிண்டில்களும், ஒரு நீண்ட பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லிகளும்தான் இருக்கின்றன. வீட்டில் பழுது பார்க்கத் தயங்க வேண்டிய அளவுக்கு இது சிக்கலானதன்று. எனினும், தேய்ந்த பேரிங்கை மாற்றப் போய் நல்ல பாகங்களையும் உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தச் சேதம் கழற்றும் வழியிலும் பூட்டும் வழியிலும்தான் காத்திருக்கிறது.

முதலில் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் வயரையும் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பிறகு தடித்த கையுறையுடன் பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்க்கலாம். நுனி தாராளமாக ஆடினாலோ, புல்லியைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் தட்டுப்பட்டாலோ, அந்த ஸ்பிண்டிலின் பேரிங் போய்விட்டது என்று கொள்ளலாம். டெக்கின் மேற்புறத்தை உயரழுத்த நீரால் கழுவும் பழக்கம் இருந்தால், பேரிங் சீலைத் தாண்டி உள்ளே புகுந்த நீரே காரணமாக இருக்கக்கூடும்.

டெக்கைக் கழற்றும்முன் பெல்ட் செல்லும் பாதையை மேலிருந்து பல கோணங்களில் படமெடுத்துக்கொள்வது நல்லது. எந்தப் புல்லியில் பெல்ட்டின் முதுகு படுகிறது, பெல்ட் நழுவாமல் காக்கும் கம்பிகளின் எந்தப் பக்கமாக அது போகிறது என்பதெல்லாம் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, டெக்கை மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்கிய பிறகே பெல்ட்டையும், டெக்கை டிராக்டரோடு பிடித்திருக்கும் ஊசிப் பின்களையும் எடுக்க வேண்டும். இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. டெக்கைத் தூக்க உதவும் லீவர் பல மாடல்களில் வலுவான ஸ்பிரிங்கோடு இணைந்தது. டெக்கின் எடை நீங்கியதும் அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால், யாராவது லீவரின் பூட்டை விடுவித்தால் லீவர் பாய்ந்து வந்து முன்கையையோ தாடையையோ தாக்கும். ஆகவே டெக் வெளியே இருக்கும்வரை அந்த லீவரைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. தொட்டே ஆக வேண்டுமானால் அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டே மெல்ல விட வேண்டும்.

டெக்கைக் கழற்றச் சோம்பி, டிராக்டரைப் பின்பக்கமாக நிமிர்த்தி நிறுத்தி வேலை செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எண்ணெய் சிலிண்டருக்குள்ளும் ஏர் ஃபில்டருக்குள்ளும் இறங்கலாம், பெட்ரோல் கசியலாம், வண்டியே சாயலாம். அடியில் கை வைக்கும் வேலை எதற்கும் ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்திவிட வேண்டும்.

பிளேடின் போல்ட் அசையாவிட்டால், பிளேடு சுழலாதபடி அதற்கும் டெக்கின் சுவருக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகலாம். பெரும்பாலான போல்ட்டுகள் வழக்கமான மரை கொண்டவை; சிலவற்றில் எதிர்த்திசையில் சுற்றிக் கழற்ற வேண்டிய இடதுமரையும் உண்டு. வெளியே தெரியும் மரையைப் பார்க்காமல் ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகி மிதித்தால், கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்போம். துருவில் ஊடுருவும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊற வைப்பது, காலையில் அரை மணி நேரப் போராட்டத்தை மிச்சப்படுத்தும். தீ காட்டிச் சூடாக்கும் எண்ணம் வந்தால், டெக்கின் அடியில் ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லையும் கிரீஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான சோதனை ஸ்பிண்டில் வீட்டை, அதாவது தண்டையும் பேரிங்குகளையும் தாங்கும் உறையை, கழற்றும்போது வருகிறது. பல டெக்குகளில் இந்த வீடு அலுமினிய வார்ப்பு. அதை டெக்கின் தகட்டோடு பிடித்திருப்பவையோ தாமே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் எஃகு போல்ட்டுகள். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்தால், அந்த இணைப்பு அரித்து ஒன்றாகிவிடும். கழற்ற முயன்றால் போல்ட்டின் தலை தனியே கையோடு வரும். மரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் விட்டு, கால் சுற்று கழற்றி, கால் சுற்று இறுக்கி, முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். அப்படியும் உடைந்தால் பதற வேண்டியதில்லை. உடைந்த துண்டு வீட்டுக்குள்தான் இருக்கிறது, வீட்டையே மாற்றுவதாக இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். என் கணக்கில், பேரிங்கை மட்டும் தட்டி மாற்றுவதைவிட முழு ஸ்பிண்டிலாக வாங்குவதே பழைய டெக்குக்கு ஏற்றது.

புதிய வீட்டின் துளைகளில் பெரும்பாலும் மரை இருக்காது. நேரே டெக்கில் வைத்து இம்பாக்ட் ரெஞ்சால் போல்ட்டை ஓட்டினால், அது கோணலாக ஏறி மரையைக் கெடுக்கும் அல்லது வார்ப்பில் போல்ட் ஏறும் காதையே பிளக்கும். அதற்குப் பதிலாக வீட்டை வைஸில் பிடித்து, ஒரு துளி எண்ணெயிட்டு, கைரெஞ்சால் போல்ட்டை நேராக இறக்கி, இடையிடையே பின்னால் திருப்பி, மரையை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரிங்கை மட்டுமே மாற்றுபவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தின் மீது மட்டுமே விசை விழ வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகச் சென்று புதிய பேரிங்கை முதல் நாளே கெடுத்துவிடும். இரண்டாவது, மேல் கீழ் பேரிங்குகளுக்கு இடையே நிற்கும் ஸ்பேசர் குழாய். பழைய கிரீஸோடு கந்தலில் சுருட்டி எறியப்படும் பாகம் இதுவே. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் உள் வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, பேரிங் இறுகிக்கொள்ளும். இறுக்கிய பின் தண்டைக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். இல்லாவிட்டால் மீண்டும் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

டெக்கின் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் வெல்டிங் ஒரு வழிதான். ஆனால் டெக்கை டிராக்டரிலிருந்து பிரித்து, பெட்ரோலுக்கு எட்டாத இடத்தில், புல்லைச் சுரண்டிய பிறகே அதைச் செய்ய வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டாகப் பயன்படுத்தினால் எழும் புகை நச்சுத்தன்மை உடையது. ஸ்பிண்டிலைத் தாங்கும் இடமே அரித்திருந்தால், ஒட்டுப் போட்ட தகடு சற்றே வளைந்தாலும் பிளேடு சாய்ந்துவிடும். அந்த நிலையில் டெக்கின் வெற்றுக் கூட்டைப் புதிதாக வாங்குவதே அறிவுடைமை.

பிளேடைப் பூட்டும்போது அதன் வளைந்த இறக்கைகள் மேல்நோக்கி, டெக்கின் உட்கூரையைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் புல் வெட்டப்படாமல் நசுங்கும். தீட்டிய பிளேடை நடுத்துளையால் ஓர் ஆணியில் தொங்கவிட்டு, தாழும் பக்கத்தை மேலும் சற்று அராவிச் சமன் செய்ய வேண்டும். சமனற்ற பிளேடு புதிய பேரிங்கையும் அசைத்தே கெடுக்கும். போல்ட்டின் இறுக்கம் மாடலுக்கு மாடல் மாறுவதால், கையேட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சால் வைக்க வேண்டும். பெல்ட்டையும் அதே பாக எண்ணில் வாங்குவது நல்லது; நீளம் பொருந்துகிறது என்று கார் பெல்ட்டைப் போட்டால், பிளேடை ஓடவிடும்போதும் நிறுத்தும்போதும் வழுக்கி விரைவில் கருகிவிடும்.

டெக்கின் மட்டத்தைச் சரிபார்க்கும் முன் டயர்களின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஒரு சக்கரம் தாழ்ந்திருந்தால் எல்லா அளவும் பொய். இடமும் வலமும் பிளேடு நுனிகள் தரையிலிருந்து ஒரே உயரத்திலும், முன்நுனி பின்நுனியைவிடச் சற்றுத் தாழ்ந்தும் இருக்க வேண்டும். மாடலைப் பொறுத்து இந்த வேறுபாடு ஏறத்தாழ 3 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். புல் வெளியேறும் வாயின் மூடியை மாட்டி, அருகில் குழந்தைகளோ நாயோ இல்லை என்று உறுதி செய்த பிறகே பிளேடுகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் அரை மணி நேரம் வெட்டியதும் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரை மறுபடி கழற்றி, ஸ்பிண்டில் போல்ட்டுகளில் ஏதேனும் தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.