சமவெளியில் பயிற்சி, மலையில் ஓட்டம்: நண்பரோடு அல்ட்ரா ஓடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் முதல் 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம். 34ஆவது கிலோமீட்டரில் நண்பன் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். "மாப்ள, முட்டி ரெண்டு வாரமாவே வலிக்குதுடா. சொன்னா நீ ஓட வேணாம்னுடுவேன்னு சொல்லல" என்றான். எனக்கும் 20 கிலோமீட்டரிலிருந்தே வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. நானும் வாய் திறக்கவில்லை. ஆறு மாதம் திருக்காட்டுப்பள்ளி பக்கம் காவிரிக் கரையில் விடியற்காலை ஒன்றாக ஓடியவர்கள், ஓட வேண்டிய அன்று ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். அந்த ஓட்டத்தை இருவருமே முடிக்கவில்லை. டெல்டாவிலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து இதற்குத் தயாராகிறவர்கள் எங்களைப் போல் பாறையில் உட்காரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

42.195 கிலோமீட்டர் மாரத்தானைத் தாண்டிய எந்தத் தூரமும் அல்ட்ராதான். பெரும்பாலோர் 50இல் தொடங்குகிறார்கள். தூரத்தை மட்டும் பார்த்துப் பயிற்சி எடுப்பதுதான் நம் ஊர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் வண்டல் சமவெளி. ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலமும் கரைச் சரிவும்தான் உண்டு. கரையில் 6 மணி நேரத்தில் 50 முடிக்கிறவருக்கு மலையில் 9, 10 மணி நேரம்கூட ஆகலாம். அதனால் வார இறுதிப் பயிற்சியை எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல், எத்தனை மணி நேரம் காலில் நின்றோம் என்று கணக்கிடுங்கள். சனிக்கிழமை 4 மணி நேரம் ஓடிவிட்டு, அந்தக் களைத்த காலோடு ஞாயிறு 2 மணி நேரம் ஓடுவது, ஒரே நாளில் 6 மணி நேரம் ஓடி ஒரு வாரம் படுப்பதைவிட நல்லது.

இறக்கத்தை மறப்பது

ஏறுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தொடையை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிரேக் பிடிக்கிறது. தசைநாரில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன, வலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் ஒருமுறை அந்த அடியை வாங்கிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை நன்றாகத் தாங்குகிறது. ஆகவே கடைசி இரண்டு மாதங்களில் இரண்டு மூன்று முறையாவது உண்மையான இறக்கத்தில் ஓடியாக வேண்டும். கடைசி இறக்கப் பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவே இரண்டு, மூன்று வாரம் இருக்கட்டும்.

சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகளின் பெயர் கொண்ட 60 படிகள்தான், பயிற்சிக்குப் போதாது. திருச்சி மலைக்கோட்டையில் 400க்கு மேல், குளித்தலை பக்கம் அய்யர்மலையில் ஆயிரத்துக்கும் மேல். சாமி கும்பிட வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், கூட்டமில்லாத வேளையில், நடந்தே ஏறி இறங்குங்கள். அந்த நடையே பெரிய பயிற்சி. செங்குத்தான ஏற்றத்தில் முன்னணி ஓட்டக்காரர்களும் நடக்கத்தான் செய்கிறார்கள். பச்சைமலை, கொல்லிமலை போக முடிந்தால் இன்னும் நல்லது. 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைச் சாலையே இறக்கத்துக்குப் போதும், வண்டிகளைப் பார்த்து ஓரமாக ஓட வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப்பாதையில் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது.

தண்ணீரும் உப்பும்

டெல்டாவின் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிகிறது. பயந்துபோய்க் குடம் குடமாய் வெறும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள். பயிற்சி நாளில் ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள், நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இளநீர் போதும் என்று நாங்களும் நம்பினோம். அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியமோ குறைவு. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் அதைவிட உதவும். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் என்றால் முழு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அரை பாட்டிலில் கொட்டிக் குடித்ததுதான் அன்று என் வயிற்றைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். சாப்பாடு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து: வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், கொஞ்சம் தயிர்சாதம். பயிற்சியில் வயிறு ஏற்காத எதையும் போட்டியில் தொடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை அறவே விடுங்கள். நீர் வற்றிய உடம்பில் புரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வலியை மறைத்துத் தருவதால் காயமும் பெரிதாகும்.

காலடியில் இருக்கும் மண்

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். நம் பயிற்சிக் காலண்டரும் அதுதான். கோடையில் ஆற்று மணலில் ஓட ஆசை வரும். ஆழமான மணல் கெண்டைக்காலையும் குதிகால் தசைநாணையும் இழுத்துவிடும், முதலில் பத்து நிமிடம் மட்டும் ஓடுங்கள். சம்பா நேரத்தில் ஈரக் களி ஷூவில் அப்பிக் கனக்கும். அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பில் ஓடவே கூடாது. அது இன்னொருவரின் உழைப்பு, நம் ஓட்டப்பாதை இல்லை. அறுவடைக் காலத்தில் எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இருட்டில் ஹெட்லேம்ப் இல்லாமல் கரையில் இறங்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை அசையவிடாமல் விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

பேசிக்கொள்ளாமல் போவது

இதுதான் எங்களைக் கவிழ்த்தது. வேகமானவர் பின்னால் மெதுவானவர் மூச்சிரைக்க ஓடுவார், வேகமானவர் திரும்பிப் பார்த்துக் காத்திருந்து உடம்பு சில்லிடுவார். இருவருக்கும் நஷ்டம். தொடக்கத்தில் மெதுவானவர் முன்னால் போகட்டும். இருவரும் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். உணவு, விளக்கு, மழைச்சட்டை எதையும் ஒருவர் பையில் மட்டும் வைக்காதீர்கள், பிரிந்துவிட்டால் மற்றவர் வெறுங்கையோடு நிற்பார்.

முக்கியமாக, யாராவது நின்றுவிட்டால் மற்றவர் தொடரலாமா என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்துவிடுங்கள். களைத்த மூளையும் பாசமும் சேர்ந்து மலையில் எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே விலக்கிவையுங்கள்: நண்பர் பேச்சு குழறினாலோ, குழம்பினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ தனியே விட்டுப் போகக் கூடாது.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அரை மணிக்கு ஒருமுறை மூன்று கேள்வி: என்ன சாப்பிட்டாய், கடைசியாக எப்போது சிறுநீர் போனாய், எங்கே வலிக்கிறது. "ஒண்ணுமில்லடா" என்ற பதில் செல்லாது. 38ஆவது கிலோமீட்டரில் அவன், "முட்டி லேசா இழுக்குது மாப்ள" என்றான். வழியில் தண்ணீரும் உணவும் தரும் அடுத்த எய்ட் ஸ்டேஷன் வரை நடந்தோம். கட்-ஆஃபுக்கு, அதாவது அங்கே வந்து சேர வேண்டிய கெடு நேரத்துக்கு, 20 நிமிடம் மீதி இருந்தது.