மிஷன் ஆஸ்பத்திரியா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியா: இலங்கை மலையகத்துல எதுக்கு எங்க போறது

கொழுந்து எடுக்கிறப்ப குளவி கொட்டிருச்சி, பாம்பு கடிச்சிருச்சி, நெஞ்சு வலி, பிரசவ வலின்னா யோசிக்கவே வேணாம், பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போயிருங்க, தோட்ட டிஸ்பென்சரியில அனுப்புற துண்டுச் சீட்டு வாங்கணும்னு காத்திருக்காதீங்க. 1990க்கு அடிச்சா சுவசெரிய ஆம்புலன்ஸ் காசு இல்லாம வரும், எந்த தோட்டம், எந்த டிவிசன், எந்த ரோட்டு முனைன்னு போன்லயே தெளிவா சொல்லிருங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியிலயோ நுவரெலியா ஆஸ்பத்திரியிலயோ முடியாட்டி கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அவங்களே மாத்தி அனுப்புவாங்க. நாய்க்கடி ஊசியும் கவர்மெண்ட்ல இலவசம்.

மிஷன் ஆஸ்பத்திரின்னா, அதாவது கிறிஸ்தவ சபை நடத்துற ஆஸ்பத்திரின்னா, காசு இல்லன்னு நம்ம சனம் இன்னும் நெனைக்கிது. கண்டியில லேக்சைட் அட்வென்டிஸ்ட் ஆஸ்பத்திரி சபை நடத்துறதுதான், ஆனா பில் கட்டணும். லாபத்துக்காக நடத்தலங்கிறது வேற, காசு வாங்கலங்கிறது வேற. அதனால எந்த மிஷன் ஆஸ்பத்திரின்னாலும் வார்டுல சேர முன்னயே டாக்டர் பீஸ், டெஸ்ட், மருந்து, வார்டு எல்லாத்தையும் தனித்தனியா கேட்டு எழுதி வாங்குங்க, கஷ்டம்னா கொறைக்க வழி இருக்கான்னு கேக்க வெக்கப்படாதீங்க. அட்வென்டிஸ்ட் சபைக்கு வெள்ளி பொழுது சாஞ்சதுல இருந்து சனி பொழுது சாயுற வரைக்கும் ஓய்வுநாள், போன் பண்ணி கேட்டுட்டு பஸ் ஏறுங்க, ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டுத்தானே போறோம்.

மிஷன் ஆஸ்பத்திரியில ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டா, விருப்பம்னா சரின்னு சொல்லுங்க, இல்லன்னா வேணாம்னு மரியாதையா சொல்லிருங்க, அதுக்காக வைத்தியம் கொறையக்கூடாது. கத்தோலிக்க சபை கருத்தடை ஆபரேஷன ஏத்துக்கிறதில்ல, அதனால குடும்பக் கட்டுப்பாடு வேணும்னா மிட்வைஃப் அம்மாகிட்ட பேசுங்க, கவர்மெண்ட் கிளினிக்ல செய்வாங்க.

இத மட்டும் நல்லா மனசுல வைங்க. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் புரியாத ஃபார்ம்ல கையெழுத்து வைக்காதீங்க. 1987ல வந்த அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லச் சொல்றது நம்ம உரிமை, மிஸ்ஸிக்கு (நர்ஸுக்கு) தமிழ் தெரியாட்டி தெரிஞ்ச ஒருத்தர கூப்பிடச் சொல்லுங்க. பிள்ள பொறந்த கையோட, ஒடம்பு அசந்து கெடக்கிறப்ப, கருத்தடைக்கு கையெழுத்து கேட்டாங்கன்னா "யோசிச்சிட்டு சொல்றேன்"னு சொல்லலாம், யாரும் வற்புறுத்த முடியாது. நம்ம பொம்பளைங்க இதுல பட்டது போதும்.

சீனி வருத்தம், பிரஷர் மாதிரி நாள்பட்ட நோய்க்கு என்னய கேட்டா கவர்மெண்ட் கிளினிக்தான், மருந்து இலவசம், மாசா மாசம் பாப்பாங்க. கூட்டத்துல டாக்டர் ரெண்டு நிமிசம்தான் பாக்குறாரு, மனசு ஆறலன்னா, ஒரு தடவ மிஷன்லயோ பிரைவேட்லயோ சேனல் பண்ணி, அதாவது காசு கட்டி டாக்டர புக் பண்ணி, ஆற அமர கேட்டுட்டு வாங்க, ஆனா அந்த ரிப்போர்ட்ட கொண்டாந்து பழைய கிளினிக்லயே காட்டுங்க, ரெண்டு எடத்து மருந்தையும் சேத்து முழுங்காதீங்க. டயக்னோசிஸ் கார்டு, கிளினிக் புக், ரிப்போர்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து போன்ல வைங்க, லயத்துல (தோட்ட வரிசை வீட்டுல) கூரை ஒழுகி பேப்பர் நனைஞ்சிட்டா திரும்ப எடுக்க ரொம்ப அலையணும்.